புள்ளிகளில் டெல்லிப் பயணம்: முன்பதிவுக்கு முன் சில கணக்குகள்

கோயம்புத்தூரிலிருந்து எழுதியிருக்கும் வாசகர் மோட்டார் பம்ப் தயாரிக்கும் தனியார் நிறுவனமொன்றின் விற்பனைப் பிரிவில் மேலாளராக இருக்கிறார். வேலை நிமித்தம் ஊர் ஊராகச் சென்று தங்கியதில், மாரியட் ஹோட்டல் குழுமத்தின் பான்வாய் திட்டத்தில் (தங்குவதற்குப் புள்ளிகள் தந்து, பின்னர் அவற்றை வாடகைக்கு ஈடாக ஏற்கும் திட்டம்) அவர் பெயரில் 1,80,000 புள்ளிகள் சேர்ந்திருக்கின்றன. மனைவியின் கணக்கில் 35,000 புள்ளிகள் இருக்கின்றன. அரையாண்டு விடுமுறையில் டிசம்பர் 25 முதல் 30 வரை ஐந்து இரவுகள் டெல்லியில் தங்கி, ஒரு நாள் ஆக்ராவுக்கும் போய்வரத் திட்டம். அவர், மனைவி, பதின்மூன்று வயது மகள், ஏழு வயது மகன், மூட்டுவலியுள்ள எழுபத்து மூன்று வயது தந்தை, தாய் என மொத்தம் ஆறு பேர்.

வீட்டில் மூன்று கருத்துகள் இருக்கின்றன. விமான நிலையத்தை ஒட்டிய ஏரோசிட்டியில் உள்ள ஜேடபிள்யூ மாரியட்டில், இரவுக்கு 36,000 புள்ளிகள் வீதம் ஒரே அறை எடுத்து நால்வரும் தங்குவது, பெற்றோருக்கு அதே வளாகத்தில் சிக்கனமான வேறொரு ஹோட்டலில் ரொக்கத்துக்கு அறை போடுவது என்பது வாசகரின் எண்ணம். எல்லோரும் ஒரே இடத்தில், நகரின் நடுவே வின்ட்சர் பிளேஸில் உள்ள, அதே குழுமத்தின் லெ மெரிடியனில் தங்க வேண்டும் என்பது மனைவியின் விருப்பம். அங்கே இரவுக்கு 25,000 புள்ளிகள் காட்டுவதால், இரண்டு அறைக்கு 2,50,000 ஆகும், கட்டுப்படியாகாது என்று வாசகர் அதை ஒதுக்கிவிட்டார். தந்தையோ, தாம் முன்பு தங்கிய கரோல் பாக் பகுதியில் வெந்நீர் வருகிற ஓர் அறை போதும், புள்ளிகளைப் பத்திரமாக வைத்துக்கொள் என்கிறார். புள்ளிகளை விற்றுவிட்டு அந்தப் பணத்தில் கரோல் பாக்கில் தங்கலாம் என்று மைத்துனர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். இவற்றுக்கிடையே, புள்ளிகளில் முன்பதிவு செய்து போன நண்பர் ஒருவருக்கு அறை இல்லையென்று ஒரு ஹோட்டல் கைவிரித்துவிட்டதாம். "காசு கொடுக்காமல் தங்குகிறவருக்கு நுகர்வோர் சட்டம் துணைக்கு வருமா? நிறுவனச் செலவில் சேர்ந்த புள்ளிகளைக் குடும்பத்துக்குப் பயன்படுத்தலாமா?" என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் சட்டக் கேள்வியைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். ஆனாலும் உங்கள் குழப்பத்தில் சட்டத்தின் பங்கு சிறியதுதான். பெரும் பங்கு கணக்கில் இருக்கிறது. ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

மனைவியின் யோசனை கட்டுப்படியாகாது என்ற உங்கள் முடிவு தவறு. மாரியட் திட்டத்தில், ஒரே ஹோட்டலில் ஒரே முன்பதிவில் தொடர்ந்து ஐந்து இரவுகளை முழுக்கப் புள்ளிகளில் எடுத்தால், அவற்றுள் மிகக் குறைந்த புள்ளிகள் உள்ள இரவுக்குப் புள்ளிகள் பிடிக்கப்படுவதில்லை. ஆக, ஓர் அறைக்கு நான்கு இரவுகளின் ஒரு லட்சம், இரண்டு அறைகளுக்கு இரண்டு லட்சம். உங்களிடம் 20,000 குறைகிறது. மனைவியின் கணக்கில் 35,000 இருக்கிறது. ஓர் உறுப்பினர் இன்னோர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் புள்ளிகள் வரை மாற்றித்தர அந்தத் திட்டத்திலேயே வழி உண்டு. எனவே இருவர் கணக்கிலும் உள்ளதைக்கொண்டு இரண்டு அறைகளும் எடுத்து, 15,000 புள்ளிகள் மிச்சமும் வைக்க முடியும். இதற்கு ஒரு நிபந்தனை: நான்கு இரவு நகரத்தில், கடைசி இரவு விமான நிலையத்தருகே என்று பயணத்தைப் பிரித்தீர்களானால் இந்தச் சலுகை போய்விடும்.

2022 மார்ச்சில் மாரியட் நிலையான புள்ளிப் பட்டியலைக் கைவிட்டது. அதன் பிறகு, ரொக்க வாடகையைப் போலவே புள்ளி விலையும் நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறது. டிசம்பர் கடைசி வாரம் டெல்லியில் கூட்டம் மிகுந்த காலம். நீங்கள் இன்று பார்த்த 25,000 அடுத்த மாதமும் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. புள்ளி முன்பதிவுகளைப் பெரும்பாலும் குறிப்பிட்ட நாளுக்குள் இழப்பின்றி ரத்து செய்யலாம் என்பதால், வீட்டில் விவாதம் முடியும்வரை காத்திருக்காமல் முதலில் பதிவு செய்துவிடுங்கள். ரத்துக்கான கடைசித் தேதியை நாள்காட்டியில் குறித்துக்கொண்டு, அதன் பிறகு ஆற அமரப் பேசலாம்.

"இலவசம்" என்பதன் உண்மைக் கணக்கு

லெ மெரிடியனில் அறை வாடகை 14,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும், ஆக 16,520. இரண்டு அறை, ஐந்து இரவுக்கு 1,65,200 ரூபாய். இதை இரண்டு லட்சம் புள்ளிகளால் வகுத்தால் புள்ளிக்கு ஏறத்தாழ 83 பைசா வருகிறது. புள்ளிப் பித்து பிடித்த நண்பர்கள் இதைக் கேட்டால் உங்களைத் தட்டிக்கொடுப்பார்கள். ஆனால் உங்களிடம் ஒரு கேள்வி: புள்ளிகளே இல்லையென்றால் 1,65,200 ரூபாய் கொடுத்து அங்கே தங்கியிருப்பீர்களா? கடிதத்தைப் படித்தால், மாட்டீர்கள் என்றே தெரிகிறது. உங்கள் தந்தை சொல்லும் இடத்தில் 3,500 ரூபாய் அறை என்று வைத்துக்கொண்டால், 5 சதவீத வரியோடு 3,675; பத்து அறை-இரவுகளுக்கு 36,750. உங்கள் கையிலிருந்து போகாமல் தங்கும் பணம் இவ்வளவுதான். இந்தக் கணக்கில் புள்ளிக்கு 18 பைசாதான் தேறுகிறது.

இதைச் சொல்வது புள்ளிகளைச் செலவழிக்க வேண்டாம் என்பதற்காக அல்ல. நீங்கள் வாங்கப்போவது சேமிப்பை அல்ல, பெற்றோருக்கான வசதியை. அப்படிப் புரிந்துகொண்டு வாங்குங்கள் என்பதற்காகத்தான். தந்தை சொல்வதுபோல் புள்ளிகளைப் பூட்டி வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. வங்கி வைப்பு வட்டி தரும், புள்ளிகள் தருவதில்லை. விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் முழுக்க நிறுவனத்திடம் இருக்கிறது. தொடர்ந்து 24 மாதங்கள் கணக்கில் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் அவை காலாவதியும் ஆகிவிடும்.

ரொக்கத்தில் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு வரி 5 சதவீதம்தான். அதைத் தாண்டியதும் 18. எனவே 7,500 ரூபாய் அறை 7,875-இல் முடியும். 7,600 ரூபாய் அறையோ 8,968 ஆகிவிடும். நூறு ரூபாய் கூடுதல் என்று நினைத்து அழுத்தினால் ஆயிரத்துக்கும் மேல் கழன்றுவிடும்.

அடுத்தது காலை உணவு. "நான் கோல்ட் உறுப்பினர், அதனால் காலை உணவு வந்துவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். வராது. மாரியட் திட்டத்தில் அந்தச் சலுகை கோல்டுக்கு மேலுள்ள பிளாட்டினம் நிலையில்தான் தொடங்குகிறது, அதுவும் எல்லாப் பிராண்டுகளிலும் ஒரே மாதிரி இல்லை. கோல்ட் நிலையில் உங்களுக்குக் கிடைப்பவை கூடுதல் புள்ளிகளும், இடமிருந்தால் சற்று நல்ல அறையும், இடமிருந்தால் பிற்பகல் இரண்டு மணிவரை அறையில் இருக்கும் வசதியும்தான். நட்சத்திர ஹோட்டல் காலை உணவுக்குத் தலைக்கு 1,200 ரூபாயும் வரியும் என்று குறைவாகவே வைப்போம், 1,416 ஆகிறது. பையனுக்குக் கட்டணமில்லை என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து பேருக்கு ஐந்து நாளில் 35,400 ரூபாய். கரோல் பாக் அறை வாடகை கிட்டத்தட்ட முழுவதும் இட்லியில் போய்விடுகிறது! ஆகவே காலை உணவு சேராத அறையாகவே எடுத்து வெளியே சாப்பிடுங்கள். வின்ட்சர் பிளேஸுக்குப் பக்கத்தில் அசோகா சாலையில் ஆந்திர பவன் உணவகம் இருக்கிறது. காலை டிபனும் மதியச் சாப்பாடும் நம் நாவுக்கு ஒத்துவரும், விலையும் நட்சத்திர விலை அல்ல. கன்னாட் பிளேஸில் தென்னிந்திய உணவகங்களுக்குக் குறைவில்லை.

ஏரோசிட்டியா, நகரின் நடுவா?

ஏரோசிட்டி நல்ல இடம்தான், ஆனால் அது யாருக்கு நல்லது என்பதைப் பார்க்க வேண்டும். இரவு வந்து காலையில் கிளம்புகிற, உங்களைப் போன்ற வேலைப் பயணிகளுக்கு அது மிகப் பொருத்தம். அந்த அனுபவத்தை வைத்தே அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விமான நிலைய எக்ஸ்பிரஸ் மெட்ரோ அங்கிருந்து புது டெல்லி நிலையத்துக்கு இருபது நிமிடங்களுக்குள் கொண்டுவிடுகிறது என்பது உண்மை. ஆனால் ஹோட்டலிலிருந்து நிலையத்துக்கு நடப்பதும், புது டெல்லியில் அடுத்த தடத்துக்கு மாறுவதும், மூட்டுவலிக்காரருக்கு அந்த இருபது நிமிடங்களைவிடப் பெரிய பயணம். கார் வைத்துக்கொண்டாலும் செங்கோட்டை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். நெரிசலில் ஒரு மணி நேரம் சாதாரணமாகப் போகும்.

முதியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து போகும் பயணத்தில், மதியம் அறைக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் காலை நீட்டிப் படுக்க முடிகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஏரோசிட்டியில் அது முடியாது. காலையில் கிளம்பினால் இரவுதான் திரும்புவீர்கள். இரண்டாம் நாளே அப்பா "நீங்கள் போய்வாருங்கள், நான் அறையில் இருக்கிறேன்" என்று சொல்லிவிடுவார். வின்ட்சர் பிளேஸிலிருந்து இந்தியா கேட், ஜன்பத், ஜந்தர் மந்தர், தேசிய அருங்காட்சியகம் எல்லாம் சிறு தொலைவில் இருக்கின்றன. ஆக்ராவுக்கான கதிமான் எக்ஸ்பிரஸ் ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்திலிருந்து காலை எட்டு மணியை ஒட்டிப் புறப்படுகிறது. டிசம்பர் குளிரில் அந்த நிலையத்துக்கு அருகே இருப்பதே ஒரு வசதி. தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், அன்று கதிமானும் ஓடாது. செங்கோட்டையும் அக்ஷர்தாமும் திங்கட்கிழமை விடுமுறை. உங்கள் ஐந்து நாள்களில் எந்த நாள் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் விமானம் அதிகாலையில் இருப்பதால் ஏரோசிட்டி வசதி என்று எழுதியிருக்கிறீர்கள். டிசம்பர் கடைசியில் டெல்லியில் மூடுபனி அதிகாலையில்தான் கடுமையாக இருக்கும். முதலில் தாமதமாகும் விமானங்களும் அவையே. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் படுத்து எழுந்து, விமானத்துக்குள் மூன்று மணி நேரம் காத்திருப்பதில் என்ன லாபம்? முடிந்தால் நண்பகலுக்குப் பிந்தைய விமானமாக மாற்றிக்கொள்ளுங்கள். புத்தாண்டு இரவுக்கு முன்பே கிளம்புவது நல்லதுதான். அந்த இரவுக்குப் பல ஹோட்டல்கள் விருந்துக் கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்த்துவிடுகின்றன.

இரண்டு அறை, ஆறு பேர்

பெற்றோரை வேறு ஹோட்டலில் தங்கவைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொள்கிறேன். பேரப்பிள்ளைகள் பளிங்குக் கூடத்தில் இருக்க, தாத்தாவும் பாட்டியும் தெருவைக் கடந்து வந்து பார்ப்பது எந்தப் புள்ளிக் கணக்குக்கும் அடங்காத மனக்குறையாகிவிடும். அவர்களே சம்மதித்தாலும் சரி.

நடைமுறையிலும் அது பிசகும். நால்வர் ஓர் அறையில் என்கிறீர்கள். பல ஹோட்டல்கள் 12 வயதுக்கு மேற்பட்டவரைப் பெரியவராகவே கணக்கிடுகின்றன. மூன்று பெரியவரும் ஒரு குழந்தையும் ஓர் அறையில் தங்க அனுமதி இல்லாமல் போகலாம். அனுமதித்தாலும் எக்ஸ்ட்ரா பெட்டுக்கு ரொக்கம் கேட்பார்கள். அதைப் புள்ளிகளில் கழிக்க முடியாது. இரண்டு அறைகள் என்றால், தாத்தா பாட்டியோடு பேரன், உங்களோடு மகள் என்று மூவர் மூவராகப் பிரிந்துகொள்ளலாம். முன்பதிவின்போது ஆறு பேரின் வயதையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள். "போய்ப் பேசிக்கொள்ளலாம்" என்ற நம்பிக்கை டிசம்பர் இறுதியில் ரிசப்ஷனில் எடுபடாது.

உள்வழிக் கதவுள்ள இணை அறைகளைக் கேட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முன்பதிவுப் பக்கத்தில் "விருப்பம்" என்ற இடத்தில் எழுதுவது வேண்டுகோள் மட்டுமே, அது ஒப்பந்தமாகாது. ஹோட்டலுக்கே மின்னஞ்சல் அனுப்பி, தந்தையின் வயதையும் மூட்டுவலியையும் குறிப்பிட்டு, இணை அறை அல்லது அடுத்தடுத்த அறை தரப்படும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். அதே மின்னஞ்சலில் குளியலறையைப் பற்றியும் கேளுங்கள். பழைய நட்சத்திர ஹோட்டல்களில் குளியல் தொட்டியைத் தாண்டி இறங்கித்தான் குளிக்க வேண்டியிருக்கும். மூட்டுவலியுள்ள எழுபத்து மூன்று வயதுக்காரருக்கு அது ஆபத்து. தரைமட்டத்தில் ஷவர் உள்ள அறை வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒதுக்கித் தருவார்கள். பெரியவர்கள் நால்வருக்கும் ஆதார் போல முகவரியுள்ள அடையாளச் சான்று வேண்டும். பான் அட்டையைப் பல ஹோட்டல்கள் ஏற்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

நிறுவனச் செலவில் சேர்ந்த புள்ளிகள் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இத்தகைய திட்டங்களின் விதிப்படி, பில்லை யார் கட்டினாலும் தங்கிய உறுப்பினரின் பெயரில்தான் பொதுவாகப் புள்ளிகள் சேரும். உங்களுக்கும் ஹோட்டலுக்கும் இடையில் அவை உங்களுடையவை. உங்களுக்கும் முதலாளிக்கும் இடையில், உங்கள் நிறுவனத்தின் பயணக் கொள்கை பேசும். அதில் எதுவும் சொல்லப்படவில்லையென்றால் தயங்க வேண்டியதில்லை. தடை இருந்தால் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். மத்திய அரசு ஊழியராக இருந்தால் என் பதில் கடுமையாக இருந்திருக்கும். அலுவல் விமானப் பயணத்தில் சேரும் மைல் புள்ளிகளை அலுவல் பயணத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்று அங்கே ஆணையே உண்டு.

மைத்துனரின் யோசனை வேண்டாம். புள்ளிகளைப் பணத்துக்கு விற்பதையும் வாங்குவதையும் திட்ட விதிகள் தடுக்கின்றன. கண்டுபிடித்தால் கணக்கை முடக்கி, மீதிப் புள்ளிகளையும் பறிக்கலாம். அதற்காக நீங்கள் எந்த மன்றத்துக்குப் போனாலும் விதியை மீறியவர் என்ற சுமையோடுதான் நிற்பீர்கள். விற்பவர் ஏமாற்றப்படும் அபாயம் தனி.

இனி நண்பரின் அனுபவம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, கட்டணமின்றித் தரப்படும் சேவையைத் தன் வரம்பிலிருந்து விலக்குகிறது. ஹோட்டல் தரப்பு முதலில் பிடிக்கும் கிளை இதுவே. ஆனால் புள்ளிகள் வானத்திலிருந்து விழவில்லை. கட்டணம் செலுத்தித் தங்கியதற்கு ஈடாகவே அவை தரப்பட்டன. டெல்லி நட்சத்திர ஹோட்டல் ஒன்றில், விருந்தினர் நிறுத்துவதற்காக ஒப்படைத்த கார் திருடுபோன வழக்கில், உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. கார் நிறுத்தும் சேவையை இலவசமாகவே தந்தோம் என்ற வாதம் எடுபடவில்லை. அறைக்கும் உணவுக்கும் விருந்தினர் தரும் கட்டணத்திலேயே அதற்கான ஈடும் அடங்கியிருக்கிறது என்று நீதிமன்றம் கருதியது. அந்தத் தர்க்கம் புள்ளிகளுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும் என்பது என் கருத்து. உறுதியாக வெல்லும் என்று சொல்லமாட்டேன். வாதாடத் தகுந்த வழக்கு என்பேன். உங்கள் நிலையில் கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு: அந்தக் கட்டணத்தைச் செலுத்தியது உங்கள் நிறுவனம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். எக்ஸ்ட்ரா பெட்டுக்கோ உணவுக்கோ நீங்கள் ரொக்கம் கொடுத்திருந்தால் அந்த ரசீது உங்களுக்குப் பலம் சேர்க்கும்.

இரண்டு நிலைகளைப் பிரித்துப் பாருங்கள். முன்பதிவுக்கு முன் புள்ளி விலையை ஏற்றிவிட்டார்கள் என்பதற்காக வழக்குப் போடுவதில் பயன் மிகக் குறைவு. மாற்றும் உரிமையை விதிகளில் அவர்கள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள், சேரும்போது நீங்கள் அதை ஏற்றிருக்கிறீர்கள். உறுதிசெய்யப்பட்ட முன்பதிவை மறுப்பது வேறு. அது சேவைக் குறைபாடு. அப்படி நேர்ந்தால், ரிசப்ஷனில் வாக்குவாதம் செய்வதை விட்டு, அறை மறுக்கப்பட்டதையும் காரணத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மாற்று ஹோட்டலை அவர்கள் செலவில் ஏற்பாடு செய்யக் கேளுங்கள். நீங்களே செலவழிக்க நேர்ந்தால் ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். ஊர் திரும்பியதும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். தீராவிட்டால் டெல்லிக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, அதாவது கோவையிலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணமும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று: ஹோட்டலில் சாப்பிடும் நாளில் பில்லில் சேவைக் கட்டணம் தானாகச் சேர்ந்திருந்தால் அதை நீக்கச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் அதைத் தடுக்கின்றன; அவை செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது.

ஆக, என் தேர்வு உங்கள் மனைவியின் தேர்வே: லெ மெரிடியன், இரண்டு அறைகள், ஐந்து இரவுகளும் ஒரே முன்பதிவில், காலை உணவு வெளியே. அங்கே புள்ளி விலை இரவுக்கு 26,875-ஐத் தாண்டிவிட்டால் இந்த ஏற்பாடு உங்கள் கையிருப்புக்குள் வராது. அப்போது ஓர் அறையைப் புள்ளிகளிலும் மற்றதை ரொக்கத்திலும் எடுப்பதைவிட, கன்னாட் பிளேஸ் சுற்றுவட்டாரத்தில் 7,500 ரூபாய்க்குட்பட்ட இரண்டு அறைகளை ரொக்கத்தில் எடுத்து, புள்ளிகளை அடுத்த கோடை விடுமுறைக்கு வைத்துக்கொள்வது மேல்.

புறப்படும் நாளன்று கோவையிலிருந்து விமானம் தாமதமாகி நள்ளிரவு தாண்டிவிடும் என்று தெரிந்தால், உடனே ஹோட்டலைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். முதல் இரவு வராதவரின் ஐந்து இரவு முன்பதிவையும் மொத்தமாக நீக்கும் விதி பல ஹோட்டல்களில் உண்டு. பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அதையே ஒரு வரி மின்னஞ்சலாகவும் அனுப்பிவிடுங்கள்.